யூதாசின் கால்

நடவு முடித்துக் கரையேறும் பெண்களின் கால்களைப் பாருங்கள். நன்னிலம் பக்கத்துச் சேறு முழங்கால் வரை அப்பியிருக்கும். வாய்க்காலில் அவர்களே கழுவிக்கொள்வார்கள். இன்னொருவர் குனிந்து கழுவ வந்தால் கூச்சம்தான் வரும். இயேசு காலைக் கழுவ வந்தபோது அவருடைய சீடர் பேதுருவுக்கும் அது வந்தது. இயேசு விடவில்லை, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்கள் எல்லோர் காலையும் கழுவினார். தன்னைக் காட்டிக்கொடுக்கப்போகும் யூதாசின் காலும் அதில் இருந்தது. தெரிந்தேதான் கழுவினார்.

அதன் நினைவாகப் பெரிய வியாழனன்று கிறிஸ்தவக் கோயில்களில் கால் கழுவும் சடங்கு நடக்கிறது. 2013இல் போப் பிரான்சிஸ் ரோமில் சிறார் சிறைக்கே போய் 12 பேர் காலைக் கழுவி முத்தமிட்டார்.

பிடித்தவருக்குச் செய்வது உபசாரம். தொண்டு யூதாசின் காலில் தொடங்குகிறது. நீங்கள் பேச்சை நிறுத்திவிட்ட ஒருவர் உங்கள் தெருவில் நோயில் படுத்திருந்தால், இன்றைக்கு ஒரு தூக்குக் கஞ்சியோடு போய்விட்டு வாருங்கள்.