தவம் செலவாகுமா?

மந்திர ஆற்றல் சேர்த்து வைத்துச் செலவழிக்கும் இருப்பா, கேட்டபோது கிடைக்கும் அருளா என்பது சமய மரபில் பழைய கேள்வி. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு முதல் விடையையே விதியாக்கியது. அதன் தொடக்கப் பதிப்பில் வரும் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம் என்று வரம்பு உண்டு. ஏவிய மந்திரம் நினைவிலிருந்து அழிந்துவிடும். உறங்கி எழுந்து மறுபடி படித்தால்தான் திரும்பும். ஜாக் வான்ஸின் 1950ஆம் ஆண்டுக் கதைத் தொகுப்பான 'தி டையிங் எர்த்'திலிருந்து இந்த ஏற்பாடு வந்தது.

இதிகாசம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கர்ணனுக்கு இந்திரன் தந்த சக்தி ஆயுதம் ஒரே ஒரு முறைதான் பயன்படும். அர்ச்சுனனுக்கென்று காத்து வைத்ததைப் பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோத்கசன்மேல் வீச வேண்டியதாயிற்று. விசுவாமித்திரர் கதை இன்னும் கூர்மையானது. வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்தில், ரம்பையைக் கல்லாகச் சபித்த கணத்திலேயே அவருடைய தவம் குறைந்துபோகிறது. அதன் பிறகே அவர் பேசுவதில்லை, மூச்சையும் அடக்குவது என்று உறுதி பூணுகிறார். சினம் இங்கே மனக்குற்றம் மட்டுமல்ல, இருப்பைக் கரைக்கும் செலவும்கூட.

மந்திர சாதனையிலும் இந்தக் கணக்கு உண்டு. ஓர் எழுத்துக்கு ஒரு லட்சம் உரு, அதாவது செபம், என்று கொண்டால் ஐந்தெழுத்துக்கு ஐந்து லட்சம். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 50,000, ஆகுதி. அதில் பத்தில் ஒன்று தர்ப்பணம், அதிலும் பத்தில் ஒன்று மார்ஜனம், கடைசியாக 50 பேருக்கு அன்னம். பாம்புக்கடிக்கும் தேள்கடிக்கும் பாடம் போடும் கிராமத்து ஆட்கள் கிரகண வேளையில் நீரில் நின்று உரு ஏற்றுவதும் குறைந்ததை நிரப்பிக்கொள்ளத்தான். காசு வாங்கினால் மந்திரம் பலிக்காது என்ற கட்டுப்பாடும் அவர்களிடம் உண்டு. இந்தக் கட்டுப்பாட்டைக் கவனிக்க வேண்டும். இதில் ஆற்றல் போவது பயன்படுத்தியதால் அல்ல, நெறி தவறியதால்.

பதஞ்சலியின் யோக சூத்திரம் சித்திகள் வரும் வழிகளை ஐந்தாகச் சொல்கிறது: பிறப்பு, மூலிகை, மந்திரம், தவம், சமாதி. அதே நூல் அவற்றைச் சமாதிக்கு இடையூறு என்றும் எச்சரிக்கிறது. ஆற்றலைச் சேர்ப்பதே குறிக்கோள் என்ற எண்ணத்தை யோக மரபு உள்ளிருந்தே மறுக்கிறது.

இதே கேள்வியை ஊர் வழிபாட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம், அதாவது தீமிதி, பங்குனியில் நடக்கிறது. காப்புக் கட்டிக்கொண்ட நாள் முதல் பனியன் கம்பெனியில் ஷிப்டு பார்ப்பவரும் கவுச்சி தொடுவதில்லை. ஒரு வேளை உண்டு, தரையில் படுத்து விரதம் காக்கிறார். விறகு எரிந்து அடங்கியதும் தழலைத் தட்டிச் சமன் செய்கிறார்கள். பூசாரி முதலில் இறங்க, மஞ்சள் துணியும் கையில் வேப்பிலையுமாகப் பின்னால் வரிசை நகர்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் விரதத்தால் ஆற்றலைச் சேர்த்து ஒரே ஓட்டத்தில் செலவழிப்பதுதான். அடுத்த ஆண்டு மறுபடி காப்புக் கட்டுவது இதற்குச் சான்று போலவும் தோன்றும்.

ஆனால் இருப்புக்கு உரிய குணம் எதுவும் இந்த விரதத்துக்கு இல்லை. கூடுதல் நாள் விரதம் இருந்தவருக்குக் கூடுதல் நேரம் தழலில் நிற்கும் உரிமை கிடைப்பதில்லை. பிள்ளையின் நோய் தீர வேண்டித் தாய் இறங்கலாம். அவளுடைய விரதத்தை இன்னொருவர் இருந்து கொடுக்க முடியாது. புராணங்களில் தவமும் புண்ணியமும் கைமாறுகின்றன, யயாதியின் பேரர்கள் தம் புண்ணியத்தைத் தாத்தாவுக்குத் தருகிறார்கள். குண்டத்து விரதம் அப்படிக் கைமாறாது. கால் சுட்டால் ஊர் கேட்கும் கேள்வியும் எவ்வளவு விரதம் இருந்தாய் என்பதல்ல, எங்கே சுத்தம் தவறினாய் என்பதே. விரதம் அம்மனுக்குக் கொடுக்கும் விலை அல்ல, கொடுத்த வாக்கு. ஒவ்வொரு குண்டமும் தனி வேண்டுதல் என்பதால்தான் காப்பும் ஆண்டுதோறும் புதிது.

இதே வட்டாரத்து அவிநாசி, தேவாரத்தில் திருப்புக்கொளியூர், அருள் என்ற மற்ற விடைக்கு முழுச் சான்று தருகிறது. ஆண்டுகளுக்கு முன் முதலை விழுங்கிய சிறுவனுக்காகச் சுந்தரர் அங்கே பதிகம் பாட, நான்காம் பாட்டில் பிள்ளை கரை சேர்ந்தான் என்பது பெரியபுராண மரபு. எண்ணிக்கையோ உருவோ இதில் இல்லை. கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையிலுள்ள தோழமையே போதுமானதாகிறது. அந்தச் சுந்தரரே தம் மனைவி சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரை விட்டு நீங்கியபோது கண்களை இழந்தார். ஒரு கண் காஞ்சியிலும் மறு கண் திருவாரூரிலும் பாடித்தான் திரும்பின. அற்புதம் நிகழ்த்தியதால் அவர் எதையும் இழக்கவில்லை, வாக்குத் தவறியதால் இழந்தார். பாடம் போடுபவரின் காசும் குண்டத்துச் சுத்தமும் இந்த முறைக்குள் அடங்குகின்றன.

சைவ சித்தாந்தம் கணக்கை முற்றிலும் கைவிடுவதில்லை. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று சேர்ந்தது, நுகர்வது, இனி ஏறுவது மூன்றையும் அது பகுத்து வைக்கிறது. ஆனால் அந்தப் பேரேடு வினைக்கு மட்டுமே உரியது. திருவருளை அது எந்தப் பற்றிலும் எழுதவில்லை.