தோத்தவனுக்குக் கந்தன் கொடுத்த இடம்

ஓம் சரவணபவ!

நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு சமூக அறிவியலோட முடிஞ்சிருச்சு. அந்த வாரம் வந்த கிருத்திகை பூஜையில இதைப் பத்தித்தான் பேசினேன். வர முடியாத தாய்மார்கள் சிலர், "எழுதி அனுப்புங்கய்யா, பட்டாசு ஆபீஸுக்குள்ள போன் கொண்டுபோக முடியாது, ராத்திரி வீட்டுக்கு வந்து படிச்சுக்கிறோம்"னு கேட்டாங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

பரீட்சை விட்ட மதியம் நம்ம திருத்தங்கல்ல ஒரு பள்ளிக்கூட வாசல் வழியா வந்தேன். பிள்ளைகள் கும்பல் கும்பலா நின்னு கேள்வித்தாளை விரிச்சு வச்சு ஒரு மார்க் கேள்விகளை ஒப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. மொத்தம் பதினாலு ஒரு மார்க். "டேய் மாப்ள, சர்வதேச சங்கம் எந்த வருஷம் போட்ட?" "1919." "போச்சு போ, அது வெர்செய்ல்ஸ் உடன்படிக்கைடா. சங்கம் 1920." அவ்வளவுதான், அந்தப் பையன் முகம் வாடிப்போச்சு. பக்கத்துல இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. நூறு மார்க்குல ஒரு மார்க். ஆனா அவனுக்கு அந்த நிமிஷம் நூறும் போன மாதிரி.

விடையை ஒப்பிடுறது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். தெரியாததைத் தெரிஞ்சுக்க அதுவும் ஒரு வழிதானே. 1920ன்னு அவன் இனி சாகும்வரை மறக்க மாட்டான். விடையை ஒப்பிடுறப்போ ஆளையும் சேர்த்து ஒப்பிட ஆரம்பிக்கிறோம் பாருங்க, வினை அங்கேதான் தொடங்குது.

இதுக்கு நம்ம ஊரு கதையே ஒண்ணு இருக்கு. சிலப்பதிகாரத்துல, மதுரை எரிஞ்ச பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்ற கதை. அதுல வர்ற தங்கால்ங்கிற ஊர் நம்ம திருத்தங்கல்தான். பராசரன்னு ஒரு அந்தணர், சேர நாட்டுல வாதத்துல ஜெயிச்சுப் பரிசுப் பொருளோட ஊர் திரும்புறார். வழியில தங்கால்ல இளைப்பாறுறார். அங்கே விளையாடிக்கிட்டு இருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, "என்னோட சேர்ந்து வேதம் சொல்லுங்க, சரியா சொல்றவன் இந்த மூட்டையை எடுத்துக்கலாம்"னு ஒரு பரீட்சை வைக்கிறார். வார்த்திகன்கிறவரோட மகன் தட்சிணாமூர்த்தி, பால் மணம் மாறாத சின்னப் பையன். மழலை நாக்குல ஒரு பிழை இல்லாமச் சொல்லிட்டான். பூணூலும் நகையும் பரிசாக் கிடைச்சுது.

பிள்ளை ஜெயிச்சான், வீட்டு வறுமை தீர்ந்துச்சு. ஆனா பார்த்தவங்களுக்குப் பொறுக்கலை. வார்த்திகன் குடும்பம் நல்ல நகை போடுறதைச் சகிக்காத காவலர்கள், "புதையலை எடுத்துக்கிட்டான்"னு பழி சொல்லி அவரைச் சிறையில போட்டுட்டாங்க. அவர் மனைவி அழுது புரண்டாங்க. அந்தத் தாயோட பேர் என்ன தெரியுமா? கார்த்திகை! நம்ம கந்தனைப் பாலூட்டி வளர்த்தவங்களோட பேர். அவங்க கண்ணீருக்குக் கொற்றவை கோயில் கதவே திறக்காம நின்னுடுச்சு. பாண்டியன் விசாரிச்சு, நடந்தது தப்புன்னு தெரிஞ்சு, வார்த்திகன்கிட்ட பொறுத்துக்கச் சொல்லி வேண்டி, தங்காலையும் வயலூரையும் அவருக்கே கொடுத்தான்.

இதுல ரெண்டு பாடம் இருக்கு. ஒருத்தன் ஜெயிச்சதைப் பொறுக்க முடியாம வர்ற பொறாமை, ஜெயிச்சவனையும் அழ வைக்கும். இன்னொண்ணு, அரசனே தன் தீர்ப்பைத் திருத்திக்கிட்டான். அதனால நாளைக்கு ரிசல்ட் வந்து மார்க்குல சந்தேகம்னா மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்க யாரும் கூச்சப்பட வேண்டாம். ஒரு பாடம் போயிடுச்சுன்னாலும் அதே வருஷம் துணைத்தேர்வு இருக்கு.

சரி, தோத்தவனை எப்படி நடத்தணும்? அதுக்கு விடை பிள்ளைகள் எழுதின அந்தப் பாடத்துலயே இருக்கு. முதல் உலகப்போர் முடிஞ்சு 1919 ஜூன் 28ல வெர்செய்ல்ஸ்ல ஜெர்மனியைக் கையெழுத்துப் போட வச்சாங்க. போருக்குப் பொறுப்பு நீதான்னு எழுதி வாங்கினாங்க. இழப்பீடு கேட்டாங்க. காலனிகளைப் பிடுங்கினாங்க. ராணுவத்தை ஒரு லட்சம் பேருக்குச் சுருக்கினாங்க. தோத்தவனைக் கூனிக் குறுக வச்சாங்க. அந்த அவமானத்தைக் கிளறித்தான் ஹிட்லர் ஆள் சேர்த்தான். இருபது வருஷம், 1939 செப்டம்பர்ல ரெண்டாம் உலகப்போர். காரணம் இன்னும் பல உண்டு, ஆனா அந்தப் புண்ணும் ஒரு காரணம்னு பாடப்புத்தகமே சொல்லுது.

இப்போ திருச்செந்தூர்க் கடற்கரைக்கு வாங்க. சூரபத்மன் மாமரமா நிக்கிறான். வேல் பாய்ஞ்சு மரம் ரெண்டாப் பிளக்குது. தோத்துட்டான். நம்ம முருகன் என்ன பண்ணினார்? ஒரு பாதியை மயிலாக்கி அது மேலயே ஏறி உட்கார்ந்தார். மறு பாதியைச் சேவலாக்கித் தன் கொடியில வச்சுக்கிட்டார். இன்னிக்கும் நாம "வேலும் மயிலும் துணை"ன்னுதான் சொல்றோம். தோத்தவன் பேரைச் சொல்லித்தான் நாம துணை கேட்கிறோம்! வெர்செய்ல்ஸ்ல ஜெயிச்சவங்க பகையை வளர்த்தாங்க. செந்தூர்ல ஜெயிச்சவர் பகையையே பக்கத்துணையா மாத்திட்டார்.

தம்பி, பாப்பா, உங்களுக்குத்தான் சொல்றேன். பக்கத்துல இருக்கிறவன் தப்பா எழுதினான்னா சிரிக்காதீங்க. "விடுடா, அடுத்ததுல பார்த்துக்கலாம்"னு தோள்ல கை போடுங்க. அது முருகன் செஞ்ச வேலை.

இனி பெத்தவங்களுக்கு. நம்ம விருதுநகர் மாவட்டம் தேர்ச்சி விகிதத்துல பல வருஷம் மாநிலத்துக்கே முதலிடம் வாங்கின மாவட்டம். பெருமைதான். ஆனா அந்தப் பெருமையோட பாரம் பதினஞ்சு வயசுப் பிள்ளை தலையில உட்காருது. நீங்க சின்ன வயசுல பள்ளிக்கூடம் போகாம தீப்பெட்டிக்கட்டை அடுக்கினவங்களா இருக்கலாம். "நான் பட்ட பாடு என் பிள்ளை படக்கூடாது"ங்கிற உங்க தவிப்பு எனக்குப் புரியுது. அந்தத் தவிப்பு வாய்க்கு வரும்போது, "பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை போடுவான்?"னு மாறிடுது.

ஞானப்பழக் கதையை நினைச்சுப் பாருங்க. உலகத்தைச் சுத்தி வந்தும் பழம் அண்ணனுக்குப் போயிடுச்சு. கோவிச்சுக்கிட்டுப் போய் நின்ன பிள்ளை இருக்கிற இடம்தான் பழனி. அந்தப் போட்டியில ரெண்டாவதா வந்த பிள்ளை அவர்! அப்பனும் அம்மையும் "அண்ணனைப் பாரு"ன்னு சொன்னாங்களா? பின்னாலயே தேடிப் போனாங்க. "பழமே நீதானப்பா"ன்னு சொன்னாங்க. உலகத்தைப் படைச்ச அம்மையப்பனே பிள்ளையைத் தேடிப் போயிருக்காங்க. நாம வீட்டு வாசல் வரைக்கும் போகக்கூடாதா?

அதனால ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்டுல ரெண்டாவது பரீட்சை வைக்காதீங்க. கேள்வித்தாளை மடிச்சுச் சாமி படத்துக்கிட்ட வச்சிடுங்க. எழுதினது எழுதினதுதான், அது இனி கந்தன் பாதத்துல. சாயங்காலம் விளக்கேத்தி பிள்ளையோட உட்கார்ந்து ஆறு தடவை "ஓம் சரவணபவ" சொல்லுங்க. சாப்பிட்டியான்னு கேளுங்க. பிள்ளை பேசாம, தூங்காம, சாப்பிடாம இருந்தா சும்மா விட்டுடாதீங்க. பக்கத்துல உட்காருங்க. 104க்கோ 14416க்கோ போன் பண்ணினா ஆலோசனை சொல்ல ஆள் இருக்காங்க. அப்படிக் கேட்கிறதுல ஒரு குறைச்சலும் இல்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு இதை அனுப்புங்க. மார்க் எதுவானாலும் நம்ம பிள்ளை நம்ம பிள்ளைதான்.

வேலும் மயிலும் துணை!
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!