துறந்தவரும் நேரில் வர வேண்டும்

இந்தியக் கடவுச்சீட்டு கோரும் எவரும், இணையவழியில் படிவத்தை நிரப்பிக் கட்டணம் செலுத்தி நாள் குறித்துக்கொண்ட பிறகும், குறித்த நாளில் பாஸ்போர்ட் சேவா மையத்துக்குத் தாமே சென்றாக வேண்டும். முகவரோ உறவினரோ அவருக்குப் பதிலாக நிற்க இயலாது. அங்கே டோக்கன் பெற்றவர் மூன்று கட்டங்களைக் கடக்கிறார்: 'ஏ' கவுன்ட்டரில் ஆவணங்கள் ஸ்கேன் செய்யப்பட்டு, முகம் படம்பிடிக்கப்பட்டு, கைரேகை பதிவாகிறது, 'பி' கவுன்ட்டரில் அரசு அலுவலர் மூல ஆவணங்களைச் சரிபார்க்கிறார், 'சி' கவுன்ட்டரில் உள்ள அதிகாரி வழங்கலாமா கூடாதா என்று முடிவெடுக்கிறார். பெரும்பாலோருக்கு இது ஒரு முற்பகல் வேலை, அவ்வளவுதான். அதே வரிசையில் காவியுடுத்த துறவி ஒருவர் நிற்கும்போது மட்டும், அலுவலக நடைமுறைக்குள் ஒரு பழைய தத்துவச் சிக்கல் நுழைந்துவிடுகிறது: தம்மை இறந்தவராகக் கருதிச் சடங்கும் செய்துகொண்ட ஒருவர், எந்தப் பொருளில் 'நேரில்' வருகிறார்?

இறப்பு என்பது இங்கே உருவகம் அன்று. வைதிக மரபில் சந்நியாசம் ஏற்பவர், மூதாதையரோடு தமக்கும் சேர்த்துப் பிண்டம் இட்டு, அதாவது ஆத்ம சிராத்தம் செய்து, விரஜா ஹோமம் எனப்படும் தூய்மை வேள்வியோடு பழைய பெயரையும் குலத்தையும் விட்டுவிடுகிறார். அதற்கு முந்தைய வாழ்வு பூர்வாசிரமம் எனப்பட்டு, அதைப் பற்றிக் கேட்பதே முறையன்று என்று கருதப்படுகிறது. பின்னாளில் உடல் வீழும்போது அதைச் சிதையில் வைக்காமல் சமாதியில் அமர்த்துவதும் இதன் தொடர்ச்சியே. இந்திய நீதிமன்றங்களும் இதை ஏற்றன: துறவற அமைப்பில் நுழைவது பொதுவாகக் குடிமை மரணமாகும், அதாவது உயிரோடிருப்பவரைப் பிறந்த குடும்பத்தின் சொத்துரிமையைப் பொறுத்தவரை இறந்தவராகக் கொள்வதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1954இல் சீதல் தாஸ் வழக்கில் குறிப்பிட்டது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், கணவனோ மனைவியோ உலகைத் துறந்து துறவற அமைப்பில் சேர்வதை மணமுறிவுக்குரிய காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. காவியுடுத்தியது மட்டும் போதாது, துறவேற்பு மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றங்கள் வற்புறுத்தியதும் இந்த மரணத்தை அவை விளையாட்டாகக் கொள்ளவில்லை என்பதற்குச் சான்று.

இப்படி இறந்தவரிடம் படிவம் தந்தை பெயரையும் தாய் பெயரையும் கேட்டது. எழுதினால் துறவுக்கு முரண், எழுதாவிட்டால் விண்ணப்பம் முழுமையற்றது. 2016 டிசம்பர் 23 அன்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்த தளர்வுகளில் ஒன்று இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றது: சாதுக்களும் சந்நியாசிகளும் பெற்றோர் பெயருக்குப் பதிலாகத் தம் குருவின் பெயரைக் குறிப்பிடலாம், ஆனால் வாக்காளர் அட்டை, பான் அட்டை, ஆதார் அட்டை போன்ற பொது ஆவணம் ஒன்றிலேனும் பெற்றோருக்குரிய இடத்தில் அந்தக் குருவின் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்க வேண்டும்.

இதை அரசு காட்டிய சலுகை என்று மட்டும் கொள்வது மேலோட்டமான பார்வை. தீட்சை என்பது மறுபிறப்பு என்றும், அதில் பிறப்பிப்பவர் குருவே என்றும் சமய மரபுகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தவை. சைவ சித்தாந்தம் மெய்கண்டார், அருணந்தி சிவாசாரியார், மறைஞானசம்பந்தர், உமாபதி சிவாசாரியார் என்னும் ஆசிரியர் வரிசையைச் சந்தான குரவர் என்றே அழைக்கிறது. சந்தானம் என்பது வழிவழியாக வரும் தொடர்ச்சி, இங்கே அது குருதியால் அன்றி உபதேசத்தால் தொடர்வது. இந்தப் பிறப்புமுறை எவ்வளவு வேறானது என்பதற்கு அருணந்தியாரே எடுத்துக்காட்டு: மெய்கண்டாரின் குடும்பத்துக்குக் குலகுருவாக இருந்த முதியவரான அவர், இளம்பிள்ளையாக இருந்த மெய்கண்டாரிடமே மாணவரானார் என்று மரபு கூறுகிறது. அவரது படிவத்தில் பெற்றோருக்குரிய கட்டத்தில் அவரினும் பல்லாண்டு இளையவர் இடம்பெற்றிருப்பார். 'பி' கவுன்ட்டர் அலுவலர் என்ன செய்திருப்பார் என்பது சுவையான கேள்வி.

விதியின் இரண்டாம் பகுதி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. குருவின் பெயரை ஓர் ஆவணத்தில் எழுத மற்றோர் ஆவணம் சான்று என்றால், அந்த ஆவணத்துக்குச் சான்று எது என்ற கேள்வி எழும். ஒன்றை நிறுவ வேறொன்று, அதை நிறுவ இன்னொன்று என்று முடிவின்றி ஓடும் இக்குறையை இந்தியத் தருக்க நூல்கள் அனவஸ்தை என்று பெயரிட்டுக் கண்டித்தன. அதிலிருந்து மீள மீமாம்சகர் ஒரு வழி கண்டனர்: எழும் அறிவு தன்னளவிலேயே செல்லும், பின்னர் மறுக்கும் அறிவு வந்தால்தான் அது விழும் என்ற கொள்கை அது, சுவதப் பிராமாண்யம் என்பது அதன் பெயர். வியப்பு என்னவெனில், அதே 2016 அறிவிப்பு, விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய உறுதிமொழிகளை நோட்டரியோ நீதித்துறை நடுவரோ சான்றளிக்கத் தேவையில்லை, விண்ணப்பதாரர் வெற்றுத்தாளில் தாமே கூறினால் போதும் என்றும் சொன்னது. மற்றவர்களுக்கு மீமாம்சகரின் வழியில் சொல்லை நம்பிய அறிவிப்பு, துறவியின் குருவைப் பொறுத்தவரை முன்னாவணம் கேட்கும் பழைய பாதையிலேயே நின்றது. போலித் துறவிகள் பற்றிய அச்சம் அதற்குக் காரணமாக இருக்கலாம். அச்சம் நியாயமானதே, ஆயினும் தருக்கம் ஒருசீராக இல்லை.

இனி உடல். கௌதமரின் நியாய சூத்திரம் மூன்றாம் அத்தியாயத்தைத் தொடங்கும்போது, கண்டதும் தொட்டதும் ஒரே பொருளே என்று அறிகிறவன் கண்ணும் அல்ல, தோலும் அல்ல, இரண்டையும் இணைக்கும் ஆன்மாவே என்று வாதிடுகிறது. 'ஏ' கவுன்ட்டரும் கண்டும் தொட்டுமே, அதாவது முகப்படத்தாலும் விரல்ரேகையாலுமே செயல்படுகிறது. ஆனால் அது அறிபவனைத் தேடவில்லை, அறியப்படும் உடலோடு நின்றுவிடுகிறது. சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரமோ, 'எனது உடல்' என்று ஒருவன் வேறுபடுத்திப் பேசுவதையே உடலுக்கு அயலான உயிர் உண்டு என்பதற்குரிய காரணங்களில் ஒன்றாகக் காட்டுகிறது. அலுவலகம் உடலைக் கேட்கிறது, துறவி உடலைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அது தாம் அன்று என்ற அவரது துணிவு இதனால் குறைவதில்லை.

அப்படியானால் துறவி எதைத்தான் விட்டார் என்று கேட்கலாம். விட்டது உரிமை கோருதலை. இன்னது எனது, இன்னார் என்னவர் என்ற பற்றை. பிறர் வினவும்போது விடையளிக்கும் பொறுப்பை அவர் விட்டதாக எந்த மரபும் தெளிவாகச் சொல்லவில்லை. அரசு உதவிபெறும் பள்ளிகளில் பணிபுரிந்த கத்தோலிக்கத் துறவியரின் ஊதியத்தில் வருமான வரி பிடிப்பது குறித்த வழக்கில், திருச்சபைச் சட்டப்படி அவர்கள் குடிமை மரணம் எய்தியவர்கள், ஊதியம் சபைக்கே சேர்கிறது என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் ஏற்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. சொத்துக்கு இறந்தவர் வரிக்கு உயிரோடிருக்கிறார் என்று இதைக் கேலி செய்வோர் உண்டு. அக்கேலி பொருந்தாது; உரிமையில் இறந்து பொறுப்பில் வாழ்வதே துறவின் இலக்கணத்துக்கு நெருக்கமானது. அரசும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: வெளிநாடு செல்வது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித விடுதலையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சத்வந்த் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது, அப்பிரிவு காப்பது மகனையோ கணவனையோ அன்று, 'நபர்' ஒருவரை. குலம் துறந்தவரும் நபரே.

பெற்றோர் கட்டத்துக்கு விடை கிடைத்த பின்னும் முகவரிக் கட்டம் அப்படியே இருக்கிறது. மடத்தில் வாழும் துறவி மடத்தின் முகவரியைத் தருவார், காவல் துறையினர் அங்கே வந்து விசாரித்துச் செல்வர், சிக்கலில்லை. பரிவிராஜகர், அதாவது மழைக்கால நான்கு மாதங்கள் தவிர ஓரிடத்தில் நிலைத்துத் தங்காமல் அலைவதையே நோன்பாகக் கொண்டவர், எதை எழுதுவது? எழுதினால் அது பொய். எழுதாவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்படாது. பிறப்பைத் துறந்தவருக்கு இடம்கொடுத்த விதி, இருப்பிடத்தைத் துறந்தவரை எண்ணிப் பார்க்கவில்லை. துறவு நூல்களோ இவ்விருவரில் பின்னவரையே உயர்ந்தவராக வைக்கின்றன.