கல்லறை முன் ஒரு சீற்றம்

லாசரு இறந்து நான்கு நாளாகிவிட்டது. பெத்தானியாவில் அவன் சகோதரி மரியாள் அழுகிறாள். உடன் வந்தவர்களும் அழுகிறார்கள். அதைக் கண்ட இயேசுவின் உள்நிலையைச் சொல்ல நற்செய்தியாளர் யோவான் எடுக்கும் கிரேக்க வினை ‘எம்ப்ரிமாவோமாய்’. பண்டைய கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் நாடகமொன்றில் இது குதிரைக்கு உரிய சொல்: கடிவாளம் இழுத்துப் பிடித்திருக்க, மூக்கு விடைத்துச் சீறும் போர்க்குதிரை.

புதிய ஏற்பாட்டில் இந்த வினை வருவது ஐந்தே இடங்களில். விலையுயர்ந்த தைலத்தை வீணாக்கினாள் என்று ஒரு பெண்ணின்மேல் சிலர் சீறுவதை மாற்கு இதைக்கொண்டே சொல்கிறார். குணமான தொழுநோயாளியை இயேசு கடுமையாக எச்சரிக்கும் இடத்திலும் இதுதான். அங்கெல்லாம் கடுமையைக் காட்டிய மொழிபெயர்ப்புகள் பல, லாசருவின் கல்லறைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றன. 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் அது முனகல். பழைய தமிழ் வேதாகமத்தில் கலக்கம். லூத்தரோ ஜெர்மனில் சினம் என்றே எழுதினார்.

தணித்து எழுதியதற்கும் நியாயம் உண்டு. அழுகிறவர்கள் நடுவே ஒருவர் சினந்தார் என்றால், அழுதவர்கள்மேலேயே சினந்தார் என்று வாசகர் நினைக்கக்கூடும். யோவானும் அதை யார்மேலும் பாய்ந்த கோபமாகச் சொல்லவில்லை; உள்ளுக்குள் நடந்ததாகவே சொல்கிறார். ஆனால் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் மூலத்திலுள்ள உணர்ச்சியையே மாற்றிவிட மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை கிடையாது. அது வாசகர்மேல் வைக்கும் அக்கறைபோலத் தோன்றினாலும், அவருக்கு உரியதை அவரைக் கேட்காமல் எடுத்துவிடுவதுதான்.

இதில் இழப்பு யாருக்கு? பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் ‘எல்லாம் தேவசித்தம்’ என்கிறார்கள். அவள் வயிறு பற்றி எரிகிறது. அந்தக் கோபத்தை விசுவாசக் குறைவென்று நினைத்து விழுங்கிவிடுகிறாள். சாவின் முன்னால் இயேசுவும் சீறினார் என்பதை அவள் கையிலுள்ள புத்தகம் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

தமிழில் அதற்குச் சொல் இல்லாமல் போகவில்லை. துக்கத்திலும் நெஞ்சு குமுறும், கோபத்திலும் குமுறும். பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இந்தக் குமுறலைத்தான் எடுத்துக்கொண்டது. இரண்டையும் பிரிக்காமல் வைத்த நல்ல முடிவு அது.

குகையை மூடிய கல்லின் அருகே இயேசு வரும்போது யோவான் அதே வினையை இரண்டாம் முறை எழுதுகிறார். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இயேசு கண்ணீர் விடுகிறார்.