எந்த ஊதா?

கோயம்புத்தூரில் வீடு கட்டி முடித்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். மனை வாங்கியதைவிட, பேங்க் லோன் கிடைத்ததைவிட, சுவருக்கு கலர் முடிவு செய்ததுதான் பெரும்பாடு என்பார்கள்.

ஷேட் கார்டை விரித்தால், நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் மட்டுமே இரண்டு வரிசை. 'இந்தக் கத்திரிப்பூ கலர் நல்லாருக்குதுங்க' என்கிறார் மனைவி. 'இல்ல கண்ணு, பக்கத்துல இருக்குது பாரு, அதுல நீலம் கொஞ்சம் தூக்கல்' என்கிறார் கணவர். பெயின்டர் பிரஷ்ஷோடு நிற்கிறார். 'ஏனுங்க, எதை அடிக்கட்டுங்க?'

நம் பாட்டிமார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் சுண்ணாம்பை ஊறவைத்து, துணிக்குப் போடும் நீலத்தில் ஒரு சிட்டிகை கலந்து வெள்ளையடித்தார்கள். முடிந்தது வேலை!

ஒரே தூரத்தில், ஒரே அளவில் இரண்டு வைக்கோல் போர். நடுவே ஒரு கழுதை. எதைத் தின்பது என்று முடிவு செய்ய முடியாமல் பட்டினியால் செத்ததாம். 14-ம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தத்துவஞானி புரிடான் பெயரில் உலவும் கதை இது. அவர் எழுதியவற்றில் அந்தக் கழுதையே இல்லை என்பது தனி வேடிக்கை!

நம்மைத் தடுப்பது பயம். எடுத்தது சரியில்லாமல் போனால், விட்டதை நினைத்து உருகுவோமே என்ற பயம்.

முதலில், இரண்டும் நிஜமாகவே ஒன்றுதானா என்று பாருங்கள். கடை டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் நிறங்கள் வெயிலில் வேறாகத் தெரியலாம். கார்டில் விரலகலம் இருக்கும் நிறம், நான்கு சுவரிலும் ஏறினால் அடர்த்தியாகத் தெரியும். சுவரிலேயே இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காயவிட்டு, காலையிலும் மத்தியானமும் ராத்திரி விளக்கிலும் பாருங்கள். ஒரு நாள் போதும்.

அப்புறமும் வித்தியாசம் தெரியவில்லையா? சந்தோஷப்படுங்கள். எதை எடுத்தாலும் நஷ்டமில்லை என்றுதான் அர்த்தம்.

ஆனால், ஒரு கேள்வி. உங்களுக்கு இரண்டும் ஒன்று. அந்த அறையில் படுத்து, நாளெல்லாம் அந்தச் சுவரையே பார்க்கப் போகிறவருக்கு? மூட்டுவலியோடு முடங்கியிருக்கும் அம்மாவின் கைக்கு ஷேட் கார்டு போனதா?

தோற்றால் ஒரு பைசா நஷ்டமில்லாத இடத்தில்கூட நாம் ஜெயிக்கத் துடிக்கிறோம். விட்டுக்கொடுத்துப் பழக இதைவிட மலிவான சந்தர்ப்பம் ஏது? ஒரு சொட்டு நீலத்தை விட்டுக்கொடுக்காதவர், நாளை தோட்டத்தைப் பாகம் பிரிக்கும்போதா விட்டுக்கொடுக்கப் போகிறார்?

கார்டை அம்மாவிடம் கொடுங்கள். 'எதா இருந்தா என்ன சாமி, உனக்குப் புடிச்சத அடி' என்பார்.

நம்பாதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள்.