முடியாது என்று சொல்ல ஒருவர்

2009 ஜூன் 9 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சாந்தா ஃபே நகரை ஒட்டிய மலையில் ஒரு மாணவி வழிதவறினார். கைப்பேசியில் அவசர உதவியை அழைத்தார். மாநிலக் காவல்துறையின் ஹெலிகாப்டர் விமானி அன்றைய வேலையை ஏற்கெனவே முடித்திருந்தார். காற்று பலமாக இருப்பதைச் சொல்லி முதலில் மறுத்த அவர், சற்று நேரத்தில் மனம் மாறி, போகிறேன் என்றார்.

அந்தி சாயும் வேளையில் மாணவி இருக்குமிடம் தெரிந்தது. பதினோராயிரம் அடிக்கு மேலான ஒரு மேட்டில் ஹெலிகாப்டரை இறக்கிவிட்டு, விமானி சரிவில் நடந்தே போனார். குளிரில் தளர்ந்துபோயிருந்த அந்தப் பெண்ணைச் சுமந்துகொண்டு மேலே ஏறி வந்தார். அதற்குள் இருட்டிவிட்டது, மேகமும் இறங்கிவிட்டது. அந்த இருட்டிலேயே கிளம்பினார்கள். சில நிமிடங்களில் ஹெலிகாப்டர் மலையில் மோதிச் சரிவில் உருண்டது. விமானியும் மாணவியும் இறந்தார்கள். உடன் சென்ற காவலர் ஒருவர் காயங்களோடு பிழைத்தார்.

முன்பின் தெரியாத ஒருவரை மலைச்சரிவில் சுமந்து வந்தவரைக் குறை சொல்ல யாருக்கும் நா எழாது. ஆனாலும் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பிறருக்காகத் தன் உயிரைப் பணயம் வைப்பது ஒருவரின் உரிமை, பெருமையும்கூட. ஹெலிகாப்டரில் பணயமாவது அந்த ஓர் உயிர் மட்டுமல்ல. பக்கத்தில் இருப்பவரின் உயிரும், காப்பாற்றப்பட வேண்டியவரின் உயிருமே அதில் சேர்ந்துவிடுகின்றன. தரையில் அந்த மாணவி உயிரோடு இருந்தார். இந்த இருட்டில் பறக்கலாமா என்று கேட்டால், பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லை.

நேபாளத்தின் அமா தப்லாம் சிகரத்தில் நடந்தது இன்னும் சிக்கலானது. 2010 நவம்பரில் அங்கே சிக்கிக்கொண்ட இரண்டு மலையேறிகளில் ஒருவரை ஹெலிகாப்டர் பத்திரமாகக் கீழே சேர்த்தது. அடுத்தவருக்காகத் திரும்பிப் போனபோது விபத்துக்குள்ளாகி, விமானியும் உடனிருந்த தொழில்நுட்பரும் மாண்டார்கள். மறுநாள் இன்னொரு ஹெலிகாப்டர் போய் அந்த மலையேறியை மீட்டது. தானாகப் போய் மாட்டிக்கொண்டவனுக்காக இன்னொருவர் ஏன் சாக வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் இரக்கமில்லை. தவறு செய்தவனும் பனியில் உறைந்து சாகக் கூடாது. அவன் உதவி கேட்கலாம், நாம் முயலவும் வேண்டும். அந்த முயற்சிக்கு ஓர் எல்லை உண்டு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

அந்த எல்லையை யார் வகுப்பது? பெரும்பாலும் விமானி ஒருவர் தலையிலேயே அதைக் கட்டிவிடுகிறோம். மலையுச்சியில் காற்று மெலிந்து தூக்குவிசை குறையும். பள்ளத்தாக்கின் காற்று நினைத்த மாத்திரத்தில் திசை மாறும். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் கீழே ஒரு பெண் குளிரில் நடுங்குகிறாள் என்று காதில் விழுந்த பிறகு, மனசு கேட்காது. சாந்தா ஃபே விபத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விமானியின் முடிவோடு நிற்கவில்லை. பாதுகாப்பைவிடப் பணியை முடிப்பதையே பெரிதாக நினைத்த துறையின் போக்கையும் காரணமாகச் சொன்னது. அங்கே மருத்துவ ஹெலிகாப்டர் சேவைகள் பலவற்றில், பறப்பதா வேண்டாமா என்று முடிவாகும்வரை நோயாளி குழந்தையா பெரியவரா என்றுகூட விமானியிடம் சொல்வதில்லை. குழுவில் ஒருவர் வேண்டாம் என்றாலும் பயணம் இல்லை. கேட்பதற்குக் கல்நெஞ்சமாகத் தோன்றும் இந்த விதி, உண்மையில் விமானியின் இளகிய மனதுக்குப் போட்ட வேலி.

நம் நாட்டில் 2013 ஜூன் 25 அன்று, கேதார்நாத்திலிருந்து திரும்பிய விமானப்படை ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் அருகே விழுந்து மீட்புப் பணியில் இருந்த 20 பேர் இறந்தார்கள். மதுரையைச் சேர்ந்த இளம் விமானி ஒருவரும் அவர்களில் இருந்தார். தியாகம் என்றோம், மாலை போட்டோம். அது தியாகமேதான். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னதும் மற்ற கேள்விகளையெல்லாம் மூடிவைப்பது, அடுத்து பறக்கப் போகிறவருக்கு நாம் செய்யும் அநீதி.

சாந்தா ஃபே மலையில் பிழைத்த அந்தக் காவலர், காயங்களோடு அந்த இரவு முழுவதையும் அங்கேயே கழித்தார். கிளம்பாமல் இருந்திருந்தால், நல்ல நிலையில் நின்ற ஹெலிகாப்டருக்குள் மூவரும் ஒருவரை ஒருவர் அணைத்தபடி கழித்திருக்கக்கூடிய இரவு அது. மறுநாள், மலையில் நடந்தே தேடி வந்தவர்கள் அவரைக் கண்டடைந்தார்கள்.