முதுமையுற்ற மட்டக்குதிரையும் முதல் அணுவிரதமும்



மூன்றாம் தீர்த்தங்கரராகிய சம்பவநாத சுவாமியின் திருவுருவை வணங்கும்போது, பீடத்தின் நடுவே பொறிக்கப்பெற்ற சிறு குதிரையையும் நாம் காண்கிறோம். இலாஞ்சனம் என்பது எந்தப் பெருமானின் திருமேனி என அடையாளம் காட்டுவதற்கே உரியது. அதற்கெனத் தனிப் பூசனை இல்லை. ஆயினும் பீடத்திலுள்ள கற்குதிரையைக் கண்டு மனம் கனிந்தவர், தெருவோரம் எலும்பு தெரிய நிற்கும் உயிருள்ள குதிரையைக் காணாதவர்போல் கடந்து செல்வது பொருந்துமா? உழைத்து ஓய்ந்து, கைவிடப்பட்டு, எவரோ ஒருவரால் மீட்கப்பட்ட முதிய மட்டக்குதிரையை ஏற்றுப் பேணுவது இல்லறத்தார்க்கு எத்தகைய அறம் என்பதை இங்குச் சிந்திப்போம்.

தொலைவில் தேடவேண்டியதில்லை. உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் ஏரிக்கரைகளில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் மட்டக்குதிரைகளை நாம் அனைவரும் அறிவோம். கோடை விடுமுறையில் நம் குழந்தைகளும் அவற்றின் முதுகில் ஏறிச் சுற்றி வருகிறார்கள். அக்குதிரைகளை வைத்துப் பிழைப்போர் பெரும்பாலும் வறியவர். அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. பருவம் முடிந்து வருவாய் நின்றதும் தீனிச் செலவு தாங்காமல் சிலர் குதிரையைச் சாலையில் அவிழ்த்து விடுகின்றனர். மூப்பினால் நடை தளர்ந்த குதிரைக்கோ பருவம் எதுவாயினும் இடமில்லை. அது குப்பைத் தொட்டியில் வாய் வைக்கிறது. உணவோடு பிளாஸ்டிக் பையையும் விழுங்குகிறது. குதிரை வாந்தி எடுக்க இயலாத விலங்கு. விழுங்கியது குடலில் அடைத்துக்கொண்டால் தாங்கொணா வயிற்றுவலியில் புரண்டு புரண்டு மடிகிறது. வாகனம் மோதிக் கால் முறிந்து கிடப்பவையும் உண்டு. நீலகிரியில் மசினகுடியை அடுத்த மாவனல்லாவிலுள்ள காப்பகத்தைப் போன்ற சில இடங்களில் இத்தகைய குதிரைகளும் கழுதைகளும் அடைக்கலம் பெற்றதுண்டு. ஆனால் காப்பகங்களின் இடமும் பொருளும் அளவுக்குட்பட்டவை.

இனி நம் சாத்திரம் கூறுவதைக் காண்போம். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினை எண்ணிக் காட்டுகிறார். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை ஊறு செய்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. சமந்தபத்திர ஆசாரியரும் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இவற்றையே கூறியுள்ளார். இவ்வைந்தையும் ஒருமுறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். நூலாசிரியரின் கண்முன் நின்றது எது? வண்டியிழுக்கும் எருதும், பொதி சுமக்கும் கழுதையும் குதிரையும் அல்லவா? கொல்லாமை என்றவுடன் இலைக்கறியை நினைக்கும் நாம், விரதத்தின் மாசுகளாகச் சொல்லப்பட்டவை பெரிதும் தொழுவத்தில் நிகழ்பவை என்பதை மறந்துவிட்டோம்.

பாரம் ஏற்றுதலை எடுத்துக்கொள்வோம். பொதி விலங்குகளுக்காக நம் அரசு 1965ஆம் ஆண்டு வகுத்த விதிகள் மட்டக்குதிரையின் மீது 70 கிலோவுக்கு மேல் சுமை ஏற்றலாகாது என்கின்றன. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதையும் தடுக்கின்றன. அரசு எடைக்கல் கொண்டு அளந்ததை ஆசாரியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மனச்சான்று கொண்டு அளக்கச் சொன்னார். ஐந்தாவதாகிய உணவு தடுத்தல் அதனினும் நுட்பமானது. வாயைக் கட்டிப் பட்டினி போடுவது மட்டுமா தடுத்தல்? இருபது ஆண்டுகள் ஒருவர் கையிலிருந்தே உண்டு பழகிய விலங்கைப் பல் தேய்ந்த பருவத்தில் தெருவில் விடுவதும் உணவு தடுத்தலே ஆகும். பசியால் துன்புற நேரும் நிலையில் விலங்கைக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும் குற்றமாகக் கருதுகிறது.

"அக்குதிரையை நாங்கள் கைவிடவில்லையே" என்று சிலர் கூறுவர். வினை மூவகையால் வந்து ஊறுகிறது: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வாரை உடன்பட்டு மகிழ்தல். காசு கொடுத்துக் குழந்தையை ஏற்றிவிட்டுப் புகைப்படம் எடுத்து மகிழ்ந்தவர் மூன்றாவதில் நிற்கிறார், இரண்டாவதிலும் பங்குண்டு. ஆகவே முதிய குதிரை ஒன்றைப் பேணுதலை உபரிப் புண்ணியம் என்று நான் கருதவில்லை. கடன் என்றே கருதுகிறேன்.

மற்றொரு வினாவும் எழும். விலங்கு கதியில் பிறந்து துன்புறுவது அவ்வுயிரின் முன்வினைப் பயன். அதில் நாம் ஏன் தலையிட வேண்டும் என்பது அது. நேமிநாத சுவாமி மணக்கோலத்தில் தேரேறி வருகையில், விருந்துக்காக அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் அவர் திருச்செவியில் விழுந்தது. இவை என்ன வினை செய்தனவோ என்று அவர் ஆராய்ந்து நிற்கவில்லை. விலங்குகள் விடுபட்டன, பெருமான் மணத்தைத் துறந்து கிர்னார் மலை ஏறினார். அவ்வுயிரின் வினை அதனுடையது. அதைக் கண்டபின் நாம் செய்வதும் செய்யாததும் நம்முடையவை.

அடுத்து, ஏற்கும் முறையைச் சொல்ல வேண்டும். இரக்க மிகுதியால் சிலர் உடையவனுக்கு விலை கொடுத்து முதிய குதிரையை வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பணம் மறுவாரமே இளங்குதிரை ஒன்றாக மாறி ஏரிக்கரையில் நிற்கக்கூடும். விழா நாளில் ஆட்டை விலைக்கு வாங்கி விடுவிப்போரும் இதை எண்ணிப் பார்க்கட்டும். ஆதலால் விலை கொடாமல், விலங்குநல அமைப்பின் வாயிலாகவோ அரசு அலுவலர் வாயிலாகவோ எழுத்து மூலம் ஏற்பதே நன்று. குதிரை நம் பெயரில் வந்தபின் அதுவும் பரிக்கிரகமே; பரிமாண விரதம் பூண்டோர் தம் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கருணைக்கு முன்னே அறிவு நடக்க வேண்டும் என்பது ஆகமங்களின் கருத்து. முதிய மட்டக்குதிரையின்பால் இது முழுதும் பொருந்தும். நன்கு பேணப்படும் மட்டக்குதிரை முப்பது ஆண்டு வரையும், சில அதற்கு மேலும் வாழும். எனவே இருபது வயதில் ஏற்கிறவர் பத்தாண்டுப் பொறுப்பை ஏற்கிறார். அதன் பற்கள் ஆண்டுதோறும் தேய்ந்து, தேய்ந்த அளவுக்கு ஈறிலிருந்து வெளிப்பட்டுக்கொண்டே இருப்பவை. முதுமையில் அந்த இருப்புத் தீர்ந்துவிடுகிறது. அப்போது வைக்கோலை மென்று, விழுங்க இயலாமல் உருண்டையாக உமிழ்ந்துவிடும். தொட்டி நிறையத் தீனி இருக்கும். குதிரையோ மெலிந்துகொண்டே போகும். பார்ப்பவர் மூப்பு என்பர். உண்மையில் அது பசி. தீவனத்தைப் பொடியாக நறுக்கி, நீரில் நன்கு ஊறவைத்து, சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்து, கூரிய விளிம்புகளை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். குளம்பு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீர் செய்யப்பட வேண்டும்.

வெல்லம் பற்றித் தனியே எச்சரிக்கிறேன். நம் வீட்டுப் பெரியோர் அன்பு மிகுந்தால் வெல்லத்தை நீட்டுவார்கள். மட்டக்குதிரைக்கு இனிப்பும் தானியமும் மிகுந்தால் குளம்பின் உட்பகுதி அழன்று, நிற்கவும் இயலாத வேதனை உண்டாகும். கோடைக்குப் பின்னும் முடி உதிராமல் நீண்டு சுருண்டிருக்கும் முதிய குதிரைக்கு இவ்வபாயம் இன்னும் அதிகம். அது சுரப்பிக் கோளாற்றின் அறிகுறி. அப்படிப்பட்டதன் வாயில் வெல்லம் வைப்பவர் அன்போடு துன்பம் செய்கிறார்.

சிராவகர் இல்லத்தில் எழும் ஐயம் ஒன்று உண்டு. அந்தியுணவு துறந்த வீட்டில் குதிரைக்கு மட்டும் இரவில் தீனி வைக்கலாமா? வைக்கத்தான் வேண்டும். அதன் இரைப்பை சிறியது. பகலிலும் இரவிலும் மெல்ல மெல்ல உண்பதே அதன் உடலியல்பு. நம் விரதத்தை அதன் முதுகில் ஏற்றினால் மேலே கூறிய ஐந்தாம் அதிசாரம் நம்மைச் சாரும். குடற்புழுவுக்கு மருந்து தரலாமா என்பதும் கேட்கப்படுகிறது. புழுக்களும் உயிர்களே. மேயும் இடத்திலிருந்து சாணத்தை நாள்தோறும் அகற்றினால் புழுக்கள் பெருகுவது வெகுவாகக் குறையும். முதற்கண் செய்ய வேண்டியது அது. அதன்பின்னும் மருத்துவர் இன்றியமையாதது என்றால், காக்கும் கடமையில் நேரும் விரோதி இம்சையாக அதைக் கொண்டு, பிராயச்சித்தம் பற்றி முனிவரிடம் கேட்டறிவது முறை.

இன்னொன்றும் மறவற்க. குதிரை கூட்டமாக வாழும் உயிர். தனியே கட்டப்பட்டால் வயிறு நிறைந்தும் வாடும். மற்றொரு குதிரையோ, கழுதையோ துணை வேண்டும். இவ்வளவும் தனியொரு குடும்பத்தால் இயலாதெனின், நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு காணி நிலத்தில் இரண்டினைப் பேணலாம். அல்லது காப்பகத்திலுள்ள ஒன்றின் தீனிச் செலவையும் மருத்துவச் செலவையும் மாதந்தோறும் ஏற்கலாம். மாடியடுக்கு வீட்டில் இருந்துகொண்டு ஆசையால் ஏற்று, ஆறு மாதத்தில் மீண்டும் அனுப்பிவிடுவதே மிகக் கொடிது. இருமுறை கைவிடப்பட்ட உயிர் மனிதனின் கையைக் கண்டாலே நடுங்கும்.

ஆகாரம், ஔடதம், அபயம், சாத்திரம் எனத் தானம் நான்கு. முதல் மூன்றும் ஒரு கொட்டிலில் ஒருங்கே நிறைவேறுகின்றன. நான்காவது? குதிரை மனமுள்ள ஐம்பொறி உயிர். அத்தகைய விலங்குகள் நற்காட்சி பெறவும், ஐந்தாம் குணத்தானம் வரை ஏறவும் வல்லன. மகாவீர சுவாமியே முற்பிறப்பொன்றில் சிங்கமாய் இருந்தபோது சாரண முனிவரின் உரை கேட்டு விரதம் பூண்டார் என்று புராணம் கூறுகிறது. சீவகன், அடிபட்டு உயிர் பிரியும் நாயின் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓத, அது சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்த வரலாறு சீவக சிந்தாமணி கற்றோர் அறிந்ததே.

முதிய குதிரையை ஏற்பவர் அந்நாளையும் முன்னரே எண்ணி வைக்க வேண்டும். எழ முடியாமல் விழுந்துவிட்ட குதிரைக்கு ஊசியிட்டு உயிர் நீக்கிவிடலாம் என்று மருத்துவர் நல்லெண்ணத்தோடே கூறக்கூடும். விரதம் பூண்ட நாம் அதற்கு உடன்பட இயலாது. ஆனால் மறுத்துவிட்டு வீட்டுக்குள் சென்றுவிடுவது அறமாகாது. மறுத்தவர்க்கே பணி மிகுதி. வலி தணிக்கும் மருந்தைத் தவறாமல் கொடுக்கச் செய்ய வேண்டும். தடிப்பாக வைக்கோல் பரப்பி, ஒரே பக்கம் கிடந்து புண்ணாகாதபடி பலர் கூடி மெல்லப் புரட்டிவிட வேண்டும்; ஈ மொய்க்காமல் காக்க வேண்டும்; நீரை வாயருகே கொண்டு செல்ல வேண்டும். இரவில் முறை வைத்து உடனிருந்து, அது பழகிய குரலிலேயே மந்திரத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். உயிர் பிரிந்தபின் நிலத்திலேயே ஆழக் குழிதோண்டிப் புதைப்பது தகும். தோலுக்கும் எலும்புக்கும் விலை பேசி எவரேனும் வந்தால், இனிய சொல் கூறித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.